வீட்டுப் பெரியவர்களுக்குப் பாட்டைத் திருப்பிக் கொடுங்கள்!

உங்கள் வீட்டில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? அப்படியென்றால் உங்களிடம் ஒரு கேள்வி. தனக்குப் பிடித்த ஒரு பாட்டை அவர் கடைசியாக முழுசாகக் கேட்டது எப்போது?

சட்டென்று பதில் வராது. மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், போன மாசம் சுகர் எவ்வளவு இருந்தது, கண் டாக்டரிடம் காட்டி எத்தனை நாள் ஆச்சு என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பாட்டு? "அதான் டி.வி. நாள் பூரா ஓடிக்கிட்டே இருக்கே" என்பீர்கள்.

டி.வி. ஓடுகிறது, வாஸ்தவம்தான். ஆனால் அதில் ஓடுவது யாருடைய விருப்பம்? ரிமோட் யார் கையில்? பேரனுக்குக் கிரிக்கெட், மருமகளுக்கு சீரியல், மகனுக்கு நியூஸ். பாட்டுச் சேனல் வைத்தாலும் ஒரு பாட்டு முடிவதற்குள் விளம்பரம் வந்துவிடும். செல்போனில் கேட்கலாமே என்றால், அந்தப் பொடி எழுத்தில் தேடி எடுக்க அவருக்குக் கண்ணும் ஒத்துழைக்காது, விரலும் ஒத்துழைக்காது. 'ஏம்ப்பா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் வெச்சுக் கொடேன்' என்று இரண்டு தடவை கேட்பார். 'இருங்கப்பா, ஆபீஸ் கால்ல இருக்கேன்' என்று பதில் வந்தால் மூன்றாவது தடவை கேட்க மாட்டார். அவ்வளவுதான். பாட்டு அவர் வாழ்க்கையிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

இது சின்ன விஷயம் இல்லை. பெரியவர்களின் உடல்நலத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்றே நான் சொல்வேன்.

ஹாலில் ஒரு ரேடியோ

அந்தத் தலைமுறைக்குப் பாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு ஒரு ரேடியோ. அதற்கு லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். ரேடியோ இல்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றே போனது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள்! கடல் தாண்டி வந்த தமிழ்ப் பாட்டைத் தமிழ்நாடே கேட்டது. பிறகு 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி ஆரம்பமானது. அதற்கப்புறமும் இலங்கை வானொலியின் மவுசு குறையவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களுக்கு நடிகர்களைப் போல ரசிகர்கள் இருந்தார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டபடியே காபி ஆற்றிய அம்மாக்கள் எத்தனை பேர்!

இதில் ஒரு சௌகரியத்தைக் கவனியுங்கள். ரேடியோ கண்ணைக் கேட்காது. கையைக் கேட்காது. காய் நறுக்கலாம், துணி மடிக்கலாம், கணக்குப் பார்க்கலாம். பாட்டு தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். இன்னொன்று, அது வீட்டுக்கே பொது. தாத்தாவும் பேத்தியும் ஒரே பாட்டைத்தான் கேட்டாக வேண்டும். பிடிக்காத பாட்டு வந்தால் முணுமுணுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். அடுத்தது நம்ம பாட்டாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பே ஒரு சுகம்.

இன்றைக்கு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு காதிலும் நாலு ஹெட்போன். பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. சேர்ந்து கேட்பதற்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் முதலில் அடிபடுவது வீட்டுப் பெரியவர்கள்தான்.

மெல்லிசை என்று சும்மா சொல்லவில்லை

1963-இல் விஸ்வநாதன் - ராமமூர்த்தி இருவருக்கும் சென்னையில் நடந்த விழாவில் சிவாஜி கணேசன் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டத்தை வழங்கினார். 'மெல்லிசை' என்ற வார்த்தை எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கச்சேரி கேட்க ராக ஞானம் இருந்தால் ரசனை கூடும். மெல்லிசைக்கு அதெல்லாம் வேண்டாம். காது இருந்தால் போதும். ஆனால் அதற்குள் ராகமும் இருக்கும், தாளமும் இருக்கும், மேல்நாட்டு வாத்தியமும் இருக்கும். எதுவும் துருத்திக்கொண்டு நிற்காது.

அந்தக் காலப் பாட்டுகள் பதிவான விதமும் இதற்கு ஒரு காரணம். பெரும்பாலும் ஒரே கூடத்தில் பாடகர், வயலின்காரர்கள், புல்லாங்குழல், தபேலா என எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில் பாடி வாசித்துப் பதிவு செய்வார்கள். யாராவது ஒருவர் தப்பு செய்தால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து! அதனால் ஒருவர் வாசிப்பதை இன்னொருவர் உன்னிப்பாகக் கேட்டாக வேண்டும். பாடுகிறவர் வாய் திறந்தால் வாத்தியங்கள் தணிந்து வழிவிடும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் வயலின் எட்டிப் பார்க்கும்.

அந்த நாள் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். அதற்குள் பல்லவி, சரணம், இடையிசை எல்லாம் அடங்க வேண்டும். கேட்கப் போவதோ சின்ன ஸ்பீக்கர் வைத்த ரேடியோவில். பக்கவாத்தியத்தை அள்ளிப் போட்டால் வார்த்தை புரியாது. எனவே குரல்தான் முன்னால், மற்றதெல்லாம் பின்னால் என்று வைத்தார்கள்.

1962-இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க ஆஸ்பத்திரியில் நடக்கிறது. உயிருக்குப் போராடும் கணவன், தவிக்கும் மனைவி, ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் என்று ஏகப்பட்ட டென்ஷன். ஆனால் சுசீலாவின் குரலும் அதோடு இழையும் சிதாரும் எவ்வளவு நிதானம்! சோகத்தைக்கூடக் கத்திச் சொல்லவில்லை. பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடம் மட்டும் பேசுவது போல இருக்கும். 'கல்யாணப் பரிசு', 'தேன் நிலவு' படங்களுக்கு இசையமைத்துப் பாடிய ஏ.எம். ராஜாவும் அப்படித்தான். குரலை உயர்த்தாமலே உருக வைத்தவர். கே.வி. மகாதேவன், சுதர்சனம், டி.ஆர். பாப்பா என்று இந்தப் பட்டியல் நீளும்.

வயதான காதுக்கு ஏற்ற பாட்டு

சரி, இதில் ஆரோக்கியம் எங்கே வருகிறது என்கிறீர்களா? முதலில் காதிலிருந்தே தொடங்குவோம்.

வயது ஏறும்போது காது ஒரேயடியாக மந்தமாவதில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். நாம் பேசும்போது 'ச', 'ஸ', 'ப', 'த' போன்ற மெய்யெழுத்துகளின் ஒலி சன்னமானது. அது வயதானவர் காதில் சரியாக விழாது. 'சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை' என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பின்னால் வேறு சத்தமும் இருந்தால் இன்னும் மோசம். அதனால்தான் கல்யாண மண்டபத்தில் மேளம் முழங்கும்போது பேசினால் தாத்தா வெறுமனே தலையாட்டுகிறார்.

இப்போது யோசியுங்கள். பத்து வாத்தியம் ஒன்றாக மோத, குரல் அதற்குள் புதைந்திருக்கும் பாட்டை அவருக்குப் போட்டால் என்ன ஆகும்? அவருக்கு அது பாட்டில்லை, இரைச்சல். 'நிறுத்துங்கப்பா அந்தச் சனியனை' என்று எரிந்து விழுவார். 'அப்பாவுக்கு எல்லாத்துலயும் கோபம்' என்று நாமும் சொல்லிவிடுவோம். அதே மனிதருக்குக் குரல் முன்னால் நிற்கிற, அதுவும் ஏற்கெனவே மனப்பாடமான ஒரு பழைய மெல்லிசையைப் போடுங்கள். காதில் விழாத எழுத்தையும் ஞாபகம் நிரப்பிவிடும். சிரமமில்லாமல் கேட்பார். சிரமமில்லாமல் எதையாவது கேட்டு அவருக்கு எத்தனை நாளாச்சோ!

இன்னொரு எச்சரிக்கை. டி.வி.யை, ரேடியோவை அவர் நாளுக்கு நாள் கூட்டி வைக்கிறார் என்றால் திட்டாதீர்கள். காது டாக்டரிடம் அழைத்துப் போய் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

நாடிக்கும் மூச்சுக்கும்

அடுத்தது இதயம். 2006-இல் 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 24 பேருக்கு வெவ்வேறு வகை இசையைக் கேட்க வைத்து நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் அளந்தார்கள். நம் நாட்டு ராக இசையும் அதில் உண்டு. வேகமான இசைக்கு மூச்சும் துடிப்பும் அழுத்தமும் கூடின. நிதானமான இசையில் அவை தணிந்தன. சுவாரஸ்யம் என்னவென்றால், நடுவே இரண்டு நிமிஷம் இசையை நிறுத்தி வைத்தார்களே, அந்த மௌனத்தில்தான் உடம்பு நன்றாகத் தளர்ந்து ஓய்வெடுத்தது. இசை தொடங்குவதற்கு முன்னால் இருந்த அளவைவிடவும் கீழே!

இதைப் படித்தால் பழைய ரேடியோ ஞாபகம் வரவில்லையா? ஒரு பாட்டு முடியும். சின்ன இடைவெளி. அறிவிப்பாளர் வந்து நிதானமாகப் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று சொல்வார். அப்புறம்தான் அடுத்த பாட்டு. இன்று மூச்சு விடாமல் நூறு பாட்டை அடுத்தடுத்து ஓட விடுகிறோம். விருந்துச் சாப்பாட்டைக்கூட நடுநடுவே தண்ணீர் குடித்துத்தானே சாப்பிடுகிறோம்?

ஆனால் ஒன்று. பாட்டுக் கேட்டால் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு சிறிய பரிசோதனையில் கொஞ்ச நேரத்துக்குத் தெரிந்த மாற்றம் இது. மாத்திரை மாத்திரைதான். பாட்டு அதற்குத் துணை.

மனசுக்குள் இருக்கும் பெட்டி

உடம்புக்குப் பாட்டின் வேகம் முக்கியம் என்றால், மனசுக்கு அது யாருடைய பாட்டு என்பது முக்கியம்.

பொதுவாக மனிதனுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவில் நிற்கும் என்று மனநல ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பாட்டும் அப்படித்தான். நம் வீடுகளில் இங்கேதான் ஒரு கோளாறு நடக்கிறது. 'பெரியவர்தானே, பழைய பாட்டுப் போட்டா சந்தோஷப்படுவார்' என்று பாகவதர் பாட்டைப் போட்டுவிடுகிறோம். பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்தது 1944-இல்! இன்று எழுபத்தைந்து வயதுக்காரர் அதற்கப்புறம் பிறந்தவர். அது அவருடைய அப்பா கேட்ட பாட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறந்த வருஷத்தோடு பதினைந்தைக் கூட்டுங்கள். அங்கிருந்து ஒரு பத்து வருஷம். அதுதான் அவருடைய பாட்டுக் காலம். 1945-இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1970 வரை. விஸ்வநாதன் - ராமமூர்த்தி 1965-இல் பிரிந்ததுகூட அவருக்குச் சொந்த வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி ஞாபகம் இருக்கும். 1960-இல் பிறந்தவருக்கு 1975 முதல் 1985 வரை. அவருக்கு இளையராஜாதான் பழைய பாட்டு. 'அன்னக்கிளி' 1976-இல் வந்தபோது அவருக்குப் பதினாறு வயது!

ஞாபக மறதி நோய் வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட சிலர், பழகிய பாட்டு ஒன்று கேட்டால் கூடவே முணுமுணுப்பார்கள். இசை ஞாபகம் மூளையில் மற்ற ஞாபகங்களைவிடக் கொஞ்சம் தாக்குப் பிடிக்கிறது என்பதே காரணம். அதற்காகப் பாட்டுக் கேட்டால் மறதி சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் அறிக்கைகள், இசைப் பயிற்சியால் மறதி நோயாளிகளின் மனச்சோர்வு குறைய வாய்ப்பு உண்டு என்கின்றன; அறிவுத்திறன் கூடுவதாகச் சொல்லவில்லை. அது போதாதா? திக்குத் தெரியாமல் தவிக்கிற ஒருவருக்கு அரை மணி நேரம் நிம்மதி கிடைத்தால் அது சும்மாவா? கவனித்துக்கொள்கிற மனைவிக்கோ மகளுக்கோ அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய ஓய்வு!

'அந்தக் காலத்துல எல்லாமே தங்கமா?'

இளைஞர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். அந்தக் காலத்திலும் குப்பைப் பாட்டுகள் ஏராளம் வந்தன. அவற்றைக் காலம் சலித்துத் தள்ளிவிட்டது. சல்லடையில் நின்றதை மட்டும் வைத்துக்கொண்டு, 'அந்த நாள் மாதிரி வருமா?' என்று பெருமூச்சு விடுவது சரியில்லை. இன்றும் நிதானமான, இனிமையான பாட்டுகள் வரத்தான் செய்கின்றன. இன்றைய பிள்ளைகளுக்கு அவையே ஐம்பது வருஷம் கழித்துத் 'தேன்' ஆகும்.

ஆகவே பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பேரன் கேட்கிற பாட்டை 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்று முதல் வரியிலேயே மட்டம் தட்டாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்கள் பாட்டை அவன் எப்படிக் கேட்பான்? உங்களுடைய ஒன்று, அவனுடைய ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அவன் பாட்டிலும் ஒரு ராகம் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துச் சொன்னால் அசந்து போவான்.

என்ன செய்யலாம்?

செலவு அதிகமில்லை. பழைய டிரான்சிஸ்டர் மாதிரியே, ஆயிரக்கணக்கான பாட்டுகளை உள்ளே அடைத்த பெட்டிகள் 2017 முதல் கடைகளில் கிடைக்கின்றன. பட்டனைத் திருகினால் போதும். வாங்க முடியாதவர்கள் ஒரு சின்ன ஸ்பீக்கரில் மெமரி கார்டைப் போட்டு, அவருடைய பாட்டுகளை ஏற்றிக் கொடுக்கலாம். எதுவானாலும் அவரே போட, அவரே நிறுத்த முடிய வேண்டும். இன்னொருவரைக் கெஞ்சித்தான் கேட்க வேண்டும் என்றால் அந்தப் பெட்டி பீரோவுக்குப் போய்விடும்.

பட்டியலை நீங்களாகத் தயாரிக்காதீர்கள். கேட்டு எழுதுங்கள். 'உங்க கல்யாணத்துல ரிகார்டு போட்டாங்களே, என்ன பாட்டு?', 'காலேஜ் கட் அடிச்சுட்டு எந்தப் படம் போனீங்க?' என்று கேட்டால் போதும். பாட்டோடு பத்துக் கதை வரும்.

எதிரில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிற அளவுக்கு வால்யூம் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம். வீட்டில் அந்த அளவுக்குப் போகவே தேவையில்லை.

ஒரு பாட்டு முடிந்ததும் உடனே அடுத்ததைத் தட்டாதீர்கள். 'யார் பாடினது? எந்தப் படம்?' என்று கேளுங்கள். அறிவிப்பாளர் வேலையை அவருக்கே கொடுத்துவிடுங்கள்! சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அரை மணி நேரம், ஹாலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஹெட்போன் வேண்டாம். அந்த அரை மணி டி.வி.க்கும் லீவு.

சில பாட்டு அழ வைக்கும். துணையை இழந்தவருக்குப் பழைய டூயட் ஒன்று நெஞ்சை அடைக்கலாம். பதறி நிறுத்தாதீர்கள். 'வேண்டாமா, இருக்கட்டுமா?' என்று கேளுங்கள். 'இருக்கட்டும்' என்று சொன்னால் பக்கத்தில் உட்காருங்கள். அது நல்ல அழுகைதான். தினமும் அழுகிறார், சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை என்றால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாத்திரை டப்பாவில் திங்கள், செவ்வாய் என்று பெயர் ஒட்டி அடுக்கி வைக்கிறோம். கீரை, பழம் என்று பார்த்துப் பார்த்துச் சமைக்கிறோம். நல்ல பிள்ளைகள்தான் நாம். அந்த டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பாட்டுப் பெட்டியையும் வைத்துவிடுங்கள். இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், 'மாத்திரை போட்டாச்சா?' என்று வழக்கம்போல விசாரியுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், 'இன்னிக்கு என்ன பாட்டு கேக்கலாம்?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.